யாரைத் தெரியும்?

“யாரைத் தெரியும்?”

வேலை தேடிப் புறப்படும் இளைஞனை நோக்கி வீட்டாரும் ஊராரும் கேட்கும் முதற் கேள்வி இது. “என்ன தெரியும்?” என்னும் கேள்வி இரண்டாவதாகத்தான் வரும், சில வேளைகளில் வராமலே போய்விடும். பட்டச் சான்றிதழைப் பெட்டியிலே பத்திரப்படுத்தி வைத்திருப்பான் பிள்ளை, பெற்றவரோ, “பட்டம் இருந்தென்ன, பரிந்து பேச ஓர் ஆள் இல்லையே!” என்று பெருமூச்செறிவார்.

இந்தப் பெருமூச்சுக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். ஆள் உள்ளவன் அமர்ந்தான். ஆள் அற்றவன் அலைந்தான். அமர்ந்தவன் தன்னவரை அருகே அமர்த்திக்கொண்டான். அலைந்தவன் தன் பிள்ளைக்கு அலைச்சலையே சொத்தாக எழுதி வைத்தான். இதனைத் தலையெழுத்து என்றனர் சிலர். முற்பிறவிப் பயன் என்றனர் வேறு சிலர். மனிதர் கட்டிய ஏற்பாடு இது, மனிதரால் மாற்றக்கூடியதே இது என்று எடுத்துரைத்தது தன்மான இயக்கம். அந்த ஏற்பாடு எங்ஙனம் கட்டப்பட்டது, எங்ஙனம் உடைக்கப்பட்டது, உடைந்த இடத்தில் இன்று எஞ்சி நிற்பது யாது என்பனவற்றை அறிந்தவனே, வேலை தேடுங்கால் எவர் கதவை எப்படித் தட்டுவது என்பதையும் அறிவான்.

மலையடிவாரத்திலிருந்து தொடங்குவோம்.

கம்பம் பள்ளத்தாக்கிலே, மேகமலைத் தொடரின் அடியிலே, சண்முகாநதி அணைக்கு அண்மையிலே அமைந்திருப்பது இராயப்பன்பட்டி. தேவாலயமும் பள்ளிக்கூடமும் திராட்சைத் தோட்டங்களும் கொண்ட ஊர். 1895ஆம் ஆண்டு பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டபோது, இப்பள்ளத்தாக்கின் முகமே மாறிற்று. நிலம் செழித்தது. ஆனால், நிலம் செழித்தால் நிலமுடையோன் செழிப்பான். நிலமற்றோனுக்கு வயலிலே சில மாதங்கள் கூலி, மற்ற மாதங்களிலே வானத்தைப் பார்க்கும் வேலை! அவன் கண் தானாகவே மலையை நோக்கித் திரும்பிற்று. மேலே ஏலத் தோட்டம், தேயிலைத் தோட்டம், காப்பித் தோட்டம்; கடல் கடந்தால் இலங்கை.

தோட்டத்தில் வேலை உண்டு என்று அவனுக்கு எவர் சொன்னார்? நாளேடு சொல்லவில்லை, அவனுக்குப் படிக்கத் தெரியாது. அரசு சொல்லவில்லை; அரசுக்கு அவன் வரி கட்டும் தலை, அவ்வளவே. சொன்னவர் கங்காணி.

கண்காணிப்பவர் என்னும் பொருளுடைய சொல்தான் கங்காணி என மருவிற்று. தோட்டத்திலே வேலை பார்த்துத் துரையின் நம்பிக்கையைப் பெற்றவர், தம் ஊருக்கே திரும்பி வருவார். தம் உறவினரை, தம் சாதியாரை, தம் தெருவினரைத் திரட்டுவார். முன்பணம் தருவார், வழிச்செலவு தருவார், “நானிருக்கிறேன், நம்மூர் ஆள் இருக்கிறேன்” என்று துணிவும் தருவார். முன்பின் அறியாத மலைக்கும் கடல் கடந்த தீவுக்கும் மக்கள் கூட்டங் கூட்டமாகச் சென்றது அந்த ஒரு சொல்லை நம்பித்தான். ‘யாரைத் தெரியும்?’ என்ற கேள்விக்கு ஏழையிடமிருந்த ஒரே விடை, “கங்காணியைத் தெரியும்” என்பதே.

அறிமுகம் எப்படி விலங்காகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கொடுத்த முன்பணம் கடனாயிற்று. கடன் தீரும்வரை கங்காணியை விட்டு அகலல் ஆகாது. இவர் கூட்டத்தில் எத்தனைபேர் வேலைக்கு வந்தனரோ, அத்தனை தலைக்கும் தோட்டத்தார் கங்காணிக்குக் காசு கொடுத்தனர். இலங்கையிலே ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. இன்னின்ன தொகையைச் செலுத்தினால் இவ்வாளை விடுவிப்போம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. வேறு தோட்டம் அக்கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடனோ தொழிலாளியின் தலையிலேயே இருக்கும். சில வேளை ஏறவும் செய்யும். தோட்டம் மாறிற்று; கடன் மாறவில்லை! 1921ஆம் ஆண்டில்தான் இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இங்கேயோ, முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டு நீங்கினால் அவனைச் சிறைக்கு அனுப்ப 1859ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. அதனை நீக்கும் சட்டம் 1925இல்தான் பிறந்தது. தேர்ச்சி பெறாத் தொழிலாளர் மலேயாவுக்கு அழைத்துச் செல்லப்படுவதை 1938இலும், இலங்கைக்குச் செல்வதை 1939இலும் இந்திய அரசு தடை செய்தது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றிய பி. எச். டேனியல், இம்முறையால் நசுங்கிய மக்களின் கதையை 1969இல் ஆங்கிலத்தில் நாவலாக்கினார். அது ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரால் தமிழிலும் வந்திருக்கிறது.

கங்காணி கொடியவரா? அவரும் நம்மவரே, பெரும்பாலும் எளிய குடியில் பிறந்தவரே. தீமை அவர் ஒருவருடைய நெஞ்சிலே இருந்ததினும், ஒரே ஒரு கதவு மட்டும் இருந்ததிலே மிகுதியாக இருந்தது. ஒரே ஒருவரை மட்டும் அறிந்தவன் அந்த ஒருவருக்கு அடிமையாவான். பத்துப் பேரை அறிந்திருந்தால், பத்தில் ஒருவர் கூலியை ஒழுங்காகச் சொல்லியிருப்பார். மற்றொருவர் காய்ச்சலைப் பற்றி எச்சரித்திருப்பார். வேறொருவர் ‘அங்கே போகாதே’ என்றிருப்பார்.

* * *

மலையடிவாரத்தில் இப்படி. மாநகரத்தில் எப்படி?

அங்கே கங்காணி இல்லை. ஆனால், அங்கும் கேள்வி அதே கேள்விதான். கம்பெனி ஆட்சியின் காலத்திலேயே, மாவட்டக் கச்சேரிகளில் பணியிடங்கள் ஒரு சில குடும்பங்களின் கைக்குள் அடங்கிவிட்டன. குண்டூர் மாவட்டத்தில் இது நடந்த வகையை, 1788 முதல் 1848 வரையிலான ஆவணங்களைக் கொண்டு அமெரிக்க வரலாற்றாசிரியர் பிரைக்கன்பர்க் விரிவாக எழுதியுள்ளார். ஆங்கிலேய அதிகாரி மேலே அமர்ந்திருப்பார். கீழே உறவுக்குள் உறவாகப் பின்னிக் கிடந்த அலுவலர் கூட்டம், அவருக்கு எது தெரியவேண்டும், எது தெரியவேண்டாம் என்று தீர்மானித்தது! 1854ஆம் ஆண்டில் வருவாய் வாரியம் ஆணையொன்றைப் பிறப்பித்தது: செல்வாக்குள்ள சில குடும்பங்களே மாவட்டப் பணிகளைக் கைப்பற்றிக் கொள்ளாவண்ணம் பார்த்துக்கொள்க, பல சாதியாருக்கும் பணிகளைப் பகிர்ந்தளிக்க முயல்க என்பது அதன் கருத்து. ஆணை ஏட்டில் உறங்கிற்று. உறவு கச்சேரியில் விழித்திருந்தது.

அறுபது ஆண்டுகள் கழித்து எண்கள் பேசின. 1912ஆம் ஆண்டு நிலவரம் இது: சென்னை மாகாணத்தில் துணைக் கலெக்டர்கள் 140 பேர், அவர்களுள் பார்ப்பனர் 77. சார்பு நீதிபதிகள் 18 பேர். அவர்களுள் பார்ப்பனர் 15. மாவட்ட முன்சீப்புகள் 128 பேர். அவர்களுள் பார்ப்பனர் 93. மாகாண மக்கள் தொகையிலே அவர்கள் நூற்றுக்கு மூவரைச் சற்றே கடந்தவர்கள். இவ்வெண்களைப் பணிகள் பற்றிய அரசுக் குழுவின்முன் வைத்தவர் அலெக்சாண்டர் கார்டியூ என்னும் ஆங்கில அதிகாரி. அவற்றையே 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கை நாடறியச் செய்தது.

“அவர்கள் படித்தார்கள், தேறினார்கள், அதிலென்ன குற்றம்?” என்று அன்றும் கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். படித்தது குற்றமில்லை, தேறியதும் குற்றமில்லை. 1892 முதல் 1904 வரை உயர் பணிக்கான போட்டித் தேர்வில் தேறிய 16 பேரில் 15 பேர் ஒரே வகுப்பினர் என்றால், அந்தத் தேர்வு மண்டபத்துக்குச் செல்லும் பாதை எத்தனை வீட்டு வாசலிலிருந்து தொடங்கிற்று என்பதே கேள்வி. ஒரு பிள்ளைக்குச் சென்னையிலே சிற்றப்பா இருந்தார். தங்க இடமும் உண்ண உணவும் கிடைத்தன. தேர்வு எந்த மாதம், எந்நூலைப் படிக்கவேண்டும், எந்த அலுவலகத்தில் எந்த நாற்காலி காலியாகப் போகிறது என்பன அவ்வீட்டுத் திண்ணையிலே பேசப்பட்டன. கம்பத்திலிருந்தோ உத்தமபாளையத்திலிருந்தோ செல்லும் மற்றொரு பிள்ளைக்கு அந்தத் திண்ணை இல்லை. சில உணவு விடுதிகளில் உட்கார்ந்து உண்ணும் உரிமையும் இல்லை. ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் கோட்டருகே நிற்கிறான், மற்றவன் ஊருக்கு வெளியே நிற்கிறான், பிறகு, “யார் வென்றார் பாரீர்!” என்று கைதட்டுவது எந்த நாட்டு நீதி?

இந்நிலையிலே திருவல்லிக்கேணியில் ஒரு மருத்துவர் எழுந்தார். அவர் டாக்டர் சி. நடேசனார். 1912ஆம் ஆண்டில் அரசு அலுவலகங்களில் பணிபுரிந்த பார்ப்பனரல்லாத ஊழியர் சிலர் கூடிச் ‘சென்னை ஐக்கியக் கழகம்’ கண்டனர். நடேசனார் அதன் உயிர்நாடியாய் இருந்தார். அடுத்த ஆண்டில் அது ‘சென்னைத் திராவிடர் சங்கம்’ எனப் பெயர் பெற்றது. பின்னர், வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவருக்காகத் ‘திராவிடர் இல்லம்’ என்னும் விடுதியை நடேசனார் நடத்தினார்.

இங்கேதான் வரலாற்றை ஊன்றிப் படிக்கவேண்டும். நடேசனார் செய்தது என்ன? தனக்குத் தெரிந்தவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, ஆளுக்கொரு வேலை வாங்கித் தந்தாரா? அவ்வாறு செய்திருந்தால் நாலு குடும்பம் பிழைத்திருக்கும். நாடு அப்படியே கிடந்திருக்கும். சிற்றப்பா இல்லாத பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு பொதுத் திண்ணையை அமைத்தார் அவர். தனித்தனியே தவித்த குமாஸ்தாக்களை ஒரு கூரையின்கீழ்க் கூட்டினார். மாலையில் வகுப்பு நடத்தினார். மாணவரை வல்லுநரோடு பழகச் செய்தார். பின்னாளில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் அவ்விடுதியில் தங்கிப் படித்தவரே. அறிமுகம் அற்றவருக்கு அறிமுகத்தை உண்டாக்கித் தரும் பணியைச் சங்கமாகச் செய்தல் — அதுவே நடேசனார் கண்ட வழி.

1916 நவம்பரில் நடேசனாரும் தியாகராயரும் டி. எம். நாயரும் ஒன்றுகூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை நிறுவினர். அதுவே நீதிக்கட்சி என வழங்கிற்று. அக்கட்சியின் ஆட்சியில், பனகல் அரசர் காலத்தில், 1921 செப்டம்பர் 16 அன்று வகுப்புவாரி உரிமைக்கான முதல் ஆணை பிறந்தது. ஒவ்வோர் அலுவலகமும் தான் நியமித்தோர் எவ்வெவ்வகுப்பினர் என்று ஆறு திங்களுக்கு ஒருமுறை கணக்குக் காட்டவேண்டும் என்றது அவ்வாணை. கணக்குக் கேட்கப்படாதவரை சிபாரிசு சிரித்துக்கொண்டிருந்தது. கணக்கு என்றதும் முகம் சுளித்தது! 1922இல் இரண்டாம் ஆணை வந்தது. 1924இல் பணியாளரைத் தேர்ந்தெடுக்க வாரியம் அமைந்தது. 1927 நவம்பரில் அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் வெளியிட்ட ஆணை, ஒவ்வொரு 12 இடங்களையும் இவ்வாறு பங்கிட்டது: பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவருக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. 1929இல் சென்னைப் பணியாளர் தேர்வாணையம் சட்டப்படி அமைந்தது. மாகாணங்களுள் இத்தகைய ஆணையத்தை முதலில் கண்டது சென்னையே.

வேலை எங்கே காலி என்பது இரகசியமாக இருந்த நாள் போய், அரசிதழிலே அச்சாகும் நாள் வந்தது. ‘யாரைத் தெரியும்?’ என்ற கேள்விக்குப் பதிலாக, ‘விண்ணப்பம் எங்கே?’ என்ற கேள்வி பிறந்தது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் வகுப்புவாரி ஆணையைச் செல்லாதென்றபோது, தமிழகம் ஏன் கொதித்தெழுந்தது, ஏன் அதே ஆண்டில் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது என்பது இப்போது விளங்கும். பறிபோக இருந்தது சில நாற்காலிகள் மட்டுமன்று. முப்பதாண்டுப் பாடுபட்டு அமைத்த பொதுத் திண்ணை.

* * *

ஆயினும், நம் வீட்டுச் சுவரிலுள்ள வெடிப்பையும் நாமே காட்டுதல்தான் பகுத்தறிவு. 12 இடங்களில் ஒடுக்கப்பட்டோருக்கு ஒன்று! திறந்த கதவுக்குள் முதலில் நுழைந்தவர்கள், பின்னால் வந்தவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்களா? எல்லோரும் நிற்கவில்லை. ஆதிதிராவிடரின் தலைவர் எம். சி. இராஜா, தம் மக்களுக்கு உரிய பங்கு கிட்டவில்லை என்று 1923இல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார். அவர் எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. ஒரு வகுப்பின் வட்டத்தை உடைத்துவிட்டு, வேறொரு வகுப்பின் வட்டத்தை வரைவது சீர்திருத்தம் ஆகாது. கங்காணி மாறினார், துண்டு மாறவில்லை என்ற கதையாகிவிடும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரருக்கு வேலை தேடித் தருவதற்கென 1945இல் இந்தியாவில் அமைந்தவை அவ்வலுவலகங்கள். பின்னர் அவை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கவேண்டும் என்று 1959இல் இயற்றப்பட்ட சட்டம், 1960 மே முதல் நடைமுறைக்கு வந்தது. 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தனியார் நிறுவனமும் அறிவிக்கவேண்டும் என்றது அது. ஆனால், அவ்வலுவலகம் அனுப்பும் ஆளையே எடுக்கவேண்டும் என்று எந்த முதலாளியையும் அது கட்டாயப்படுத்தவில்லை. கதவு இருக்கிறது என்று சொல்லவேண்டும், திறக்கவேண்டியதில்லை! பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் பதிவு செய்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, மூப்பு வரிசையில் காத்துக் காத்து நரை கண்டோர் எத்தனையோ பேர்.

அரசுப் பணி என்னும் குளம் சிறியது. குளிக்க வருவோர் கூட்டம் பெரியது. மிகப் பெரும்பாலோர் தனியார் தொழிலைத்தான் நாடவேண்டும். அங்கே பங்கீடு இல்லை, அரசிதழ் இல்லை. பணியிலிருக்கும் ஊழியர் தமக்குத் தெரிந்தவரைப் பரிந்துரைக்க, நிறுவனம் அவரை அழைக்கிறது. சில நிறுவனங்கள் அப்படிப் பரிந்துரைத்த ஊழியருக்குப் பரிசுத் தொகையும் தருகின்றன. தலைக்குக் காசு என்னும் அந்தப் பழைய கணக்கு, குளிரூட்டிய கட்டடத்திலே புதிய பெயரோடு உலவுகிறது.

பெயரைப் பார்த்தே கதவைச் சாத்துவதும் நின்றபாடில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. நாளேட்டில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினர். ஒத்த கல்வி, ஒத்த தகுதி. பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 100 என்று கொண்டால், தலித் பெயருக்கு அது 67. முஸ்லிம் பெயருக்கு 33. 1912ஆம் ஆண்டுக் கணக்கைப் பழங்கதை என்போர், இந்தக் கணக்கை என்னென்பர்?

* * *

இனி, வேலை தேடும் இளைஞருக்கு வருவோம். ‘தொடர்பு கூடாது, தகுதி போதும்’ என்று போதித்தால் அது அழகான பேச்சாகும்; அடுப்பெரிய உதவாது. ‘தொடர்பே எல்லாம்’ என்றால் மீண்டும் கங்காணியிடம் கைகட்டி நிற்கும் நிலை வரும். எத்தகைய தொடர்பு என்பதைத்தான் ஆராயவேண்டும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டன் என்னும் ஊரில், மார்க் கிரானவெட்டர் என்னும் சமூகவியலார் ஆராய்ந்தார். தொழில்நுட்ப, நிர்வாகப் பணிகளில் சேர்ந்தோருள் நூற்றுக்கு 56 பேர், தெரிந்தவர் மூலமே வேலையைப் பற்றி அறிந்தவர்கள். அது வியப்பன்று. அந்தத் தெரிந்தவர் எவர் என்று அவர் தொடர்ந்து கேட்டதுதான் நமக்குப் பாடம். 1973இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் கணக்குப்படி, வாரத்தில் இரண்டு முறையேனும் சந்திக்கும் நெருங்கியவர் மூலம் வேலை அறிந்தோர் நூற்றுக்கு 17 பேருக்கும் குறைவு. எப்போதாவது சந்திப்பவர் மூலம் அறிந்தோர் 56 பேருக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கொருமுறையோ அதனினும் அரிதாகவோ பார்ப்பவர் மூலம் அறிந்தோர் ஏறத்தாழ 28 பேர். காரணம் எளிது. நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததே. ஒரே கிணற்றுநீரை இருவரும் இறைக்கிறோம். அரிதாகச் சந்திப்பவரோ வேறொரு கிணற்றருகே வாழ்பவர். லிங்க்டின் என்னும் இணையத் தொடர்பு மேடையில் ஐந்தாண்டுக் காலத்தில் 2 கோடி மக்களிடம் நடந்த சோதனையை ஆராய்ந்து, 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த கட்டுரையும், மிக நெருங்கிய நண்பரைவிட ஓரளவே பழகியவர் வழியாகத்தான் வேலை மாற்றம் மிகுதியாக நிகழ்கிறது என்று கண்டது.

இந்த உண்மையை நம் நாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள்! சாதி என்பது என்ன? நெருக்கமான உறவுகளுக்குள்ளேயே மனிதனைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு. பெண் கொடுப்பது அங்கே, பெண் எடுப்பது அங்கே, விருந்து அங்கே, வேலைக்குச் சொல்வதும் அங்கே. மேல்நிலையில் அமர்ந்துவிட்ட கூட்டத்துக்கு அது கோட்டை. அமராத கூட்டத்துக்கு அதுவே சிறை. ஏலத் தோட்டக் கூலி மட்டுமே கிடைக்கும் ஒரு தெருவில், எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். ஆனால், எல்லோருக்கும் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். இன்றும் விடியற்காலையில் இப்பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து பெண்கள் ஜீப்புகளில் ஏறிக் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். அவர்களுள் படித்த பெண்களும் உண்டு. அவர்களுக்கு அறிவு குறைவா? இல்லை. வேறு கிணறு எங்கே இருக்கிறது என்று சொல்வார் குறைவு. ஆடவனுக்காவது தேநீர்க்கடையும் மன்றமும் உண்டு. பெண்ணுக்கு அதுவும் மறுக்கப்பட்டது. சாதி கடந்து பழகுக, ஆணும் பெண்ணும் சமமாகப் பழகுக என்று இயக்கம் சொன்னபோது, அது அறநெறி மட்டுமே என்று எண்ணினோர் உண்டு. அது சோற்றுக்கு வழியும்கூட!

ஆகவே, இராயப்பன்பட்டியிலிருந்து வேலை தேடிப் புறப்படும் தம்பிக்கும் தங்கைக்கும் சொல்லத்தக்கவை சில உண்டு.

முதலாவது, ஒரு தாளை எடுத்து, உன்னை அறிந்தவர் பெயர்களை எழுது. உறவினர் பெயரை எழுதி முடித்ததும் நின்றுவிடாதே. அங்கேதான் பட்டியல் தொடங்குகிறது. உனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர், உனக்கு மூன்றாண்டு முன்னே படித்துக் கோவைக்கோ சென்னைக்கோ சென்றவர், கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதுபவர், நூலகர், திராட்சை வாங்க வரும் வெளியூர் வணிகர், தேர்வு மையத்தில் அருகே அமர்ந்து எழுதியவர் — இவர்களையெல்லாம் எழுது. உன் சாதிக்கும் உன் மதத்துக்கும் உன் தெருவுக்கும் வெளியே எத்தனை பெயர் என்று எண்ணிப் பார். அந்த எண் சிறியதாயின், உன் முதல் வேலை அதனைப் பெருக்குவதே.

இரண்டாவது, வேலையைக் கேளாதே, செய்தியைக் கேள். “எனக்கொரு வேலை வாங்கித் தாருங்கள்” என்றால், எதிரிலிருப்பவர் இல்லை என்று சொல்லக் கூசி, பார்க்கலாம் என்பார். அத்துடன் பேச்சு முடியும். “உங்கள் ஆலையில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது எதனைப் பார்க்கிறார்கள்? நான் இன்னும் எதைக் கற்கவேண்டும்? வேறு எவரிடம் பேசினால் நலம்?” என்று கேட்டுப் பார். மனிதர் தாம் அறிந்ததைச் சொல்வதில் மகிழ்பவர். அவர் கூறும் இரண்டு பெயர்களிடம் செல். அவ்விருவர் நால்வரைக் காட்டுவர். சென்ற நாள், பேசிய செய்தி, செய்யவேண்டியது ஆகியவற்றைக் குறித்து வை. பத்து நாள் கழித்து, அவர் சொன்னபடி செய்ததைத் தெரிவித்து நன்றி கூறு. கும்பிட்டுக் குழைய வேண்டாம்; நிமிர்ந்து பேசு. தன்மானத்தை விற்று வாங்கிய வேலைக்கு ஒவ்வொரு நாளும் வட்டி கட்டவேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஒரே கதவில் தொங்காதே. ‘இத்தனை இலட்சம் கொடுத்தால் இன்ன வேலை’ என்று வருகிறவர் புதிய கங்காணி. அவர் கேட்பது பணம். எடுத்துக்கொள்வது உன் எதிர்காலம். பதிவு பெறாத முகவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதை 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் குற்றமாக்கிற்று. இருந்தும், தாய்லாந்தில் கணினி வேலை என்ற சொல்லை நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள், 2022இல் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்ட செய்தியை நாடு படித்தது. ஒருவர் சொல்வதை அவரோடு தொடர்பற்ற வேறு இருவரிடம் விசாரித்த பின்னரே பெட்டியைக் கட்டு.

நான்காவதுதான் தலையாயது. வேலை கிடைத்ததும் உன் பணி முடிந்துவிடவில்லை, அன்றுதான் தொடங்குகிறது. நீ இப்போது உள்ளே இருக்கிறாய். எந்த நாற்காலி காலியாகிறது என்பது உன் காதில் விழும். அதனை உன் பங்காளியின் செவியில் மட்டும் ஓதினால், 1854இல் வருவாய் வாரியம் கண்டித்த கச்சேரிக் குடும்பத்துக்கும் உனக்கும் என்ன வேறுபாடு? ஊர்ப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுது, நூலகத்தில் ஒட்டு, ஊர்க் குழுவின் கைப்பேசித் திரையில் எல்லாத் தெருவும் காணும்படி வெளியிடு. உன் தெருவில் பிறவாத பிள்ளைக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கி, நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று சொல்லிக் கொடு. நகரத்தில் உன் அறையின் ஒரு மூலையில், தேர்வெழுத வரும் ஊர்ப்பிள்ளை இரண்டு இரவு தங்க இடங்கொடு. நடேசனார் ஒரு விடுதி நடத்தினார். உன்னால் ஒரு மூலையேனும் தர இயலாதா?

இயக்கம் வளர்ந்த நாளிலே ஊர்தோறும் படிப்பகங்கள் எழுந்தன. கீற்றுக் கொட்டகை, ஒரு பலகை, இரண்டு நாளேடு, அவ்வளவே. அந்த ஏட்டில் அரசியல் செய்தியும் இருந்தது. ‘ஆட்கள் தேவை’ என்ற பகுதியும் இருந்தது. ஒருவர் படிக்க, பத்துப்பேர் கேட்டனர். எவர் சாதி என்ன என்று அந்தப் பலகை கேட்கவில்லை. அதுபோன்றதொரு படிப்பகம் இன்றும் ஒவ்வோர் ஊருக்கும் வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் கூடட்டும். பெண்கள் முன்வரிசையில் அமரட்டும். சுருக்கக் குறிப்பு எழுதுவது எப்படி, விண்ணப்பம் எங்கே, கூலி எவ்வளவு, எந்த முகவர் பொய்யர் என்பன வெளிப்படையாகப் பேசப்படட்டும். இதற்குக் கோடிப் பணம் வேண்டா. கூச்சத்தையும் சாதிப் பற்றையும் வாயிற்படியிலே கழற்றி வைத்துவிட்டு வந்தால் போதும்.

அத்தோடு, பொதுவிதிக்கான போராட்டமும் ஓயலாகாது. தனி மனிதரின் நல்லெண்ணம் ஓர் அகல்விளக்கு, சட்டம் தெருவிளக்கு. தனியார் நிறுவனங்களும் தாம் எவரை எடுத்தோம் என்று கணக்குக் காட்டவேண்டும் எனக் கேட்பது புதிதன்று. 1921இல் அரசு அலுவலகங்களிடம் கேட்ட அதே கேள்விதான். அன்று முகம் சுளித்தவர்களின் பேரர்கள் இன்று முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்!

“யாரைத் தெரியும்?” என்று வீட்டார் கேட்பதை ஒரு நாளில் நிறுத்திவிட இயலாது. அக்கேள்விக்கு விடையற்று எந்தப் பிள்ளையும் நிற்கலாகாது என்று உறுதி கொள்ள இயலும். இராயப்பன்பட்டியின் கடைசித் தெருவில், கடைசி வீட்டில் பிறந்த பெண்ணும் அவ்வினாவுக்குத் தலைநிமிர்ந்து, “இந்த ஊரையே தெரியும், இந்த ஊருக்கு என்னைத் தெரியும்” என்று சொல்லும் நாளை நாம் உருவாக்குவோம்.